கொழுந்திலிருந்து கப்பல் வரை: ஊவா மாணவருக்கு அரசின் பயிலுனர் பயிற்சி

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் இன்று சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் காட்சியாக விளங்கினாலும், 1924இல் பதுளையை எட்டிய அந்தப் புகையிரதப் பாதை, ஊவா மாகாணத் தோட்டங்களின் தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்க்கும் வணிகத் தேவையோடு பிணைந்தே வளர்ந்தது. நூறாண்டுகள் கடந்த பின்னும் கொழுந்து பறிப்பதும் அதைத் தூளாக்குவதும் மலையில் நிகழ, விலை தீர்ப்பது, கலந்து பொதியிடுவது, கப்பலேற்றுவது, அந்நியச் செலாவணியைப் பெறுவது ஆகிய பணிகள் பெரும்பாலும் கொழும்பிலேயே நடைபெறுகின்றன. வணிகத்தின் இந்த இரண்டாம் பாதியைத் தோட்டப் பகுதி மாணவரும் கற்றுக்கொள்ள அரசின் பயிலுனர் பயிற்சி வழியமைக்க முடியும்.

பயிலுனர் பயிற்சி என்பது, ஒருவர் வகுப்பறையில் மட்டுமன்றி உண்மையான பணியிடத்திலேயே, அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில், குறித்த காலத்துக்குத் தொழிலைக் கற்பதாகும். இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கப் பயிலுனர் சட்டம் இதற்கு அடித்தளமிட்டது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இப்பணியைத் தொடர்கிறது. பாடசாலைக் கல்வியை முடித்த இளைஞரை நிறுவனங்களில் பயிற்சிக்கு அமர்த்துவதோடு, பல்கலைக்கழக மாணவரின் கைத்தொழில் பயிற்சியையும் இது ஒழுங்குசெய்கிறது. பதுளையில் 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், தேயிலைத் தொழில்நுட்பம், ஏற்றுமதி விவசாயம் போன்ற துறைகளில் பட்டம் வழங்குவதால், விளைநிலத்துக்கும் வெளிநாட்டுச் சந்தைக்கும் இடையிலான பாலத்தை மாகாணத்துக்குள்ளேயே கட்டும் வாய்ப்பு உருவாகியிருக்கிறது.

சர்வதேச வணிகத்தில் பயிலுனர் கற்க வேண்டியவற்றை ஊவாத் தேயிலையே தெளிவாக உணர்த்துகிறது. ஏறத்தாழ ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றினால் இங்குள்ள தேயிலைக்குத் தனித்த மணம் ஏறுகிறது. அந்த மணத்தை விலையாக மாற்றுவது 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமாகும். தொழிற்சாலை அனுப்பும் தூளைத் தரகர்கள், அதாவது உற்பத்தியாளர் சார்பில் விற்பவர்கள், சுவைத்து மதிப்பிட்டுப் பட்டியலிட, ஏற்றுமதியாளர்கள் விலை கூறி வாங்குகின்றனர். அதன் பின்னரே சுங்க ஆவணங்கள், சரக்கு விளைந்த நாட்டை உறுதிசெய்யும் சான்றிதழ், உரிய ஆவணங்கள் கிடைத்ததும் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி அளிக்கும் கடனுறுதிக் கடிதம் ஆகியவை தேவைப்படுகின்றன. ஈரானிடம் இலங்கை வாங்கிய எண்ணெய்க்கான ஏறத்தாழ 25 கோடி டொலர் கடனைத் தேயிலை அனுப்பித் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டதை நோக்கினால், ஏற்றுமதியில் ஈடுபடுபவருக்குச் சுவையறிவோடு வங்கி நடைமுறையும் உலக அரசியலும் தெரிந்திருக்க வேண்டும் என்பது புலப்படும். இவற்றைப் பாடநூலில் படிப்பதைவிட, ஒரு சரக்கின் ஆவணக் கோப்பைத் தொடக்கம் முதல் இறுதி வரை கையாள்வதே ஆழமாகக் கற்பிக்கும்.

ஏற்றுமதி என்பது கப்பலில் செல்லும் பொருளோடு முடிவதில்லை. எல்லவில் தங்கும் வெளிநாட்டவர் அறைக்கும் உணவுக்கும் வழிகாட்டலுக்கும் செலுத்தும் பணம் சேவை ஏற்றுமதி எனக் கணிக்கப்படுவதால், விடுதி முகாமைத்துவமும் அயல்மொழிப் பயிற்சியும் இத்துறைக்குள் அடங்குகின்றன. தோட்ட இளைஞர் ஊரைவிட்டு நீங்காமலே நுழையக்கூடிய வாசல் இது.

ஆயினும் சட்டமும் நிறுவனமும் இருப்பதனாலேயே வாய்ப்பு எல்லோரையும் எட்டிவிடுவதில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயன் அறையில் வளர்ந்து நாட்கூலி வருமானத்தில் படித்த மாணவர், கொழும்பிலுள்ள தரகு நிறுவனத்திலோ கப்பல் முகவர் அலுவலகத்திலோ பல மாதங்கள் பயில வேண்டுமெனில், தங்குமிடத்துக்கும் உணவுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவே முதல் தடையாகிறது. பயிற்சி பற்றிய அறிவித்தல் தமிழில் கிடைக்காவிட்டால், தகுதியுள்ளவர் விண்ணப்பிக்கும் முன்னரே விலக்கப்பட்டுவிடுகிறார். எனவே அரசின் ஆதரவு பயிற்சி இடத்தைக் காட்டுவதோடு நில்லாமல், வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான உதவித்தொகை, பாதுகாப்பான விடுதி, வணிக ஆங்கிலப் பயிற்சி, தமிழில் அறிவித்தல் ஆகியவற்றையும் உள்ளடக்க வேண்டும்.

தலைமுறைகளாக ஏற்றுமதிப் பொருளை உருவாக்கிய சமூகத்தின் பிள்ளைகள் அந்தப் பொருளை விற்கும் மேசையிலும் அமர்வது சலுகையன்று, நீதியே. உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவரும் அவர்தம் ஆசிரியரும் பயிலுனர் வாய்ப்புகளை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஊவாவில் தேயிலை வாங்கும் ஏற்றுமதி நிறுவனங்கள் அதே தோட்டங்களின் மாணவருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்க முன்வர வேண்டும்.