இருளில் சேரும் ஒளி

மாரி மழை ஓய்ந்து, தை மாசி மாதங்களில் யாழ்ப்பாணத்து வானம் தெளிந்தபின், முன்னிரவில் உச்சிக்கு அண்மையில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்பதை யாவரும் காண்பர். அவற்றுக்கு வடக்கே செந்நிறமாய் ஒளிர்வது திருவாதிரை. தெற்கே மங்கலாய்த் தெரியும் புகைத்துளியே ஓரியன் நெபுலா. ஏறக்குறைய 1,340 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இவ்வாயுமுகிலில் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

இதன் செந்நிறம் தொலைநோக்கி வழியே பார்ப்பவர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படாது. கண் தன்மீது விழும் ஒளியை நெடுநேரம் சேர்த்து வைக்க வல்லதன்று. படக்கருவியோ சேர்த்து வைக்கும். 1880 இல் அமெரிக்கராகிய ஹென்றி டிரேப்பர், 51 நிமிடம் ஒளியைச் சேர்த்து இந்நெபுலாவை முதன்முதலாகப் படம் எடுத்தார். 1883 இல் ஆங்கிலேயராகிய அன்ட்ரூ கொமன் எடுத்த படம், கண்ணுக்குத் தெரியாத மீன்களையும் காட்டிற்று. முன்னவர் மருத்துவம் கற்றவர்; பின்னவர் பொறியியலாளர். வானியலை ஆர்வத்தாலன்றித் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் இருவரும்.

அன்றைய கண்ணாடித் தகட்டின் இடத்தை இன்று மின்னணுச் சில்லு பெற்றுள்ளது. அதிலுள்ள நுண்ணிய கட்டங்களை, முற்றத்தில் பரப்பிய சிரட்டைகளுக்கு ஒப்பிடலாம். ஒளி விழ விழ, மழைநீர்போல் இலத்திரன்கள் அவற்றிற் சேரும். ஆனால் வெப்பமும் இலத்திரன்களை விடுவிக்கும். இரண்டையும் சில்லு பகுத்தறியாது. யாழ்ப்பாணம் போன்ற வெப்பநிலத்தில் இத்தொல்லை பெரிது.

இதற்குப் பரிகாரம் குளிர்விப்பதே. இரு வேறு கடத்திகள் இணையுமிடத்தில் மின்னோட்டம் சென்றால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடேறும் என்பதை 1834 இல் பெல்த்தியே கண்டார். குளிரும் பக்கத்தைச் சில்லோடு பொருத்தி, சூடேறும் பக்கத்தைச் சிறு விசிறியால் ஆற்றுவர். வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை தாழுந்தோறும் வீண் இலத்திரன்கள் பாதியாகும். 26 பாகையிலிருந்து பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக்கு இறக்கின், ஆறுமுறை பாதியாகி 64 இல் ஒரு பங்கே எஞ்சும். அதையும் நீக்க, தொலைநோக்கியின் வாயை மூடி, அதே வெப்பநிலையில் அதே நேர அளவுக்கு ஓர் இருட்படம் எடுத்துக் கழிப்பர். கடற்காற்றின் ஈரம் சில்லில் உறையாதிருக்க, காற்றுப்புகாத அறையில் ஈரமுறிஞ்சும் பொருளுடன் அதனை அடைத்திருப்பர்.

பூமி சுழல்வதால், தொலைநோக்கியும் விண்மீன்களைப் பின்தொடர்ந்து திரும்பவேண்டும். அதன் சுழலச்சைத் துருவ மீனுக்கு அருகே நோக்கி நிறுத்துவர். யாழ்ப்பாணத்தில் அம்மீன் அடிவானுக்கு மேல் 10 பாகையளவே உயர்ந்திருக்கும். நீட்டிய கையின் முட்டி அளவு எனலாம். ஒரு பனைவடலியே அதை மறைத்துவிடும். ஆகவே பருத்தித்துறை, காங்கேசன்துறை போன்ற வடகடற்கரைகள் இதற்கு ஏற்றவை. இக்குறைக்கு ஈடாகத் தென்வானம் திறந்திருக்கிறது. இலண்டனில் ஒருபோதும் உதிக்காத கரினா நெபுலா, சித்திரை முன்னிரவில் இங்கே 20 பாகை உயரத்தில் நிற்கும்.

குளிர்விப்பால் சில்லின் வெப்பத்தை வெல்லலாம். வானிற் சிதறும் தெருவிளக்கொளியையோ எந்தக் குளிர்விப்பும் அகற்றாது. விளக்குக்கு மேல்மூடியிட்டு ஒளியை நிலத்துக்கே செலுத்தினால், வழியும் தெரியும், வானும் தெரியும். 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறியில் வானியலும் ஒரு பாடமாக இருந்தது. அம்மண்ணின் மாணவர் இன்றும் வானைக் கற்க, கருவிக்கு முன்னே வேண்டுவது இருளே. அதைக் காப்பது ஊரார் கையில் உள்ளது.