சாரல் சீமையில் ஆவாரை

ஆவாரை ஆண்டு முழுதும் பசுமை மாறாத புதர்ச்செடி. ஓராள் உயரம் வளரும். தென்காசியிலிருந்து வடகிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப் போக, குற்றாலச் சாரல் எட்டாத மானாவாரி நிலங்களிலும் சாலையோரங்களிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். பட்டையில் துவர்ப்பு மிகுதி. தோல் பதனிட அதை நெடுங்காலம் பயன்படுத்தினர்.

விதைத்தோல் கெட்டியானது. வெந்நீரில் போட்டு ஓரிரவு ஊறவைத்தால் சீராக முளைக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. ஐப்பசி மழையை ஒட்டி விதையை நேரே நிலத்தில் ஊன்றுவதே நல்லது. முழு வெயில் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை நனையும் குற்றாலத்தில் தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தி கட்டாயம். இல்லையேல் வேர் அழுகிவிடும்.

பூவில் தேன் கிடையாது. ஆனாலும் வண்டு போலப் பருத்த தச்சுத்தேனீக்கள் மகரந்தத்துக்காகத் தேடி வரும். பூவை இறுகப் பற்றி உடலை அதிரவைக்கும்போது, மகரந்தப் பையின் நுனித் துளை வழியே பொடி உதிரும். அந்த ரீங்காரத்தைப் பக்கத்தில் நின்றே கேட்கலாம். இதற்காகவே ஒரு செடி வளர்க்கலாம்.

இலையைத் தின்னும் பச்சைப் புழுக்கள் பெரும்பாலும் வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகளுடையவை. மருந்து அடிக்கத் தேவையில்லை, செடி மறுபடி துளிர்த்துவிடும். பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கவாத்து செய்தால் பக்கக்கிளைகள் அடர்ந்து வரும்.