தவளையின் கல்யாணக் குரல்

நல்ல மழை பெய்து குளம் குட்டைகள் நிரம்பிய இரவில், நம்மைத் தூங்கவொட்டாமல் கூக்குரலிடும் தவளைகள் யாவும் ஆண்களே. பெண் தவளை பெரும்பாலும் மௌன விரதந்தான். பெண்டிரை வாயாடிகள் என்று சொல்லித் திரியும் ஆடவர்கள் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக!

வாயைத் திறந்து கத்துவதாக நாம் எண்ணுவதும் பிசகு. வாயையும் மூக்கையும் இறுக மூடிக்கொண்டே அது கத்துகிறது. சுவாசப்பையிலிருந்து உந்தப்பட்ட காற்று, குரல் நாண்களை அதிரச் செய்து, தொண்டைப் பையைப் பலூன் போல ஊதிவிட்டு, மறுபடியும் சுவாசப்பைக்கே திரும்புகிறது. ஒரே மூச்சைத் திருப்பித் திருப்பிச் செலவிடும் இந்தச் சிக்கனம் நம் பாகவதர்களுக்குக் கைவந்ததில்லை. நம் வயல்களில் வாழும் பெரிய தவளையோ, அந்நாட்களில் எலுமிச்சை மஞ்சளாய் நிறம் மாறி, இருபுறமும் நீலப் பைகள் புடைக்க, சாக்ஷாத் மாப்பிள்ளைக் கோலத்தில் வீற்றிருக்கும்.

ஒவ்வொரு ஜாதிக்கும் குரல் வேறு. இருளில் தன் இனத்து ஆணைப் பெண் கண்டுகொள்வது அதனால்தான். ஆனால் அக்குரலைப் பெண் மட்டுமா கேட்கிறது? தவளை தன் வாயால் கெடும் என்ற நம் பழமொழிக்குப் பனாமா நாட்டிலிருந்து சாட்சி கிடைத்திருக்கிறது. அங்கே டுங்கரா என்றொரு சிறு தவளை உண்டு. தனித்திருக்கையில் அது வெறுமே முனகும். போட்டிக்கு வேறு ஆண்கள் சேர்ந்தாலோ, முனகலின் முடிவில் 'சக், சக்' என்று சேர்த்துக்கொள்ளும். பெண்ணுக்கு அதன்மேல்தான் மோகம். தவளை தின்னும் ஒரு வௌவாலும் அதே ஓசையை நாடியே பாய்ந்து வருகிறது! மெர்லின் டட்டில், மைக்கேல் ரயன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த வௌவாலின் வேட்டையை ஆராய்ந்து 1981-ம் வருஷம் வெளியிட்டார்கள். 'சக்'கை விட்டுவிட்டால் உயிர் தப்பலாம். ஆனால் பெண் வேறிடம் போய்விடும், சந்ததி இராது. ஆகவே, வௌவாலின் நிழல் கண்டால் குளமே கப்சிப்பென்று அடங்குகிறது. அது அகன்றதும் மறுபடி கச்சேரி.

நம் நாட்டுத் தவளைக்கு வௌவாலைவிடப் பெரிய சத்துரு வாய்த்தது. மேல்நாட்டு விருந்துகளுக்குத் தவளைக்கால் அனுப்பும் பொருட்டு, மழைக்கால இரவுகளில் விளக்கும் கோணியுமாகப் புறப்பட்டார்கள். வழி காட்டியது அந்தக் கல்யாணக் குரலேதான். பூச்சிகளைத் தின்று உழவனுக்கு ஊதியமின்றி ஊழியம் செய்த பிராணி, டன் டன்னாகக் கப்பலேறிற்று. 1987-ம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் அந்த ஏற்றுமதியை அடியோடு தடை செய்தது.