அங்கீகாரமும் காணியும்: மலையகத் தமிழரின் நீதிக் கோரிக்கை

இலங்கையின் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டமொன்றைத் தொடங்கியது முதல், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பிலேயே மலைநாட்டுப் பெருந்தோட்டங்கள் வளர்ந்தன. ஆயினும் அவர்களுடைய வழித்தோன்றல்களான மலையகத் தமிழர் இந்நாட்டு மக்களாக ஏற்கப்படுவதற்குத் தலைமுறை தலைமுறையாகப் போராட வேண்டியிருந்தது. ஒரு சமூகம் தன் அடையாளத்துக்குரிய மதிப்பைக் கோரி நடத்தும் இத்தகைய போராட்டத்தையே அரசியல் கோட்பாட்டாளர் அங்கீகார அரசியல் என்கின்றனர்.

மனிதர் தம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணம் பிறர் தம்மை ஏற்பதாலும் மறுப்பதாலும் உருவாவதால், அங்கீகாரத்தை மறுப்பது ஒருவகை ஒடுக்குமுறையே என்று கனேடிய மெய்யியலாளர் சார்ல்ஸ் டெய்லர் 1992இல் வாதிட்டார். அமெரிக்கச் சிந்தனையாளர் நான்சி பிரேசரோ, எல்லோரும் சமமாகப் பங்கேற்கக்கூடிய சமூக வாழ்வே நீதி எனக் கொண்டு, அதற்கு வளப் பங்கீடு, பண்பாட்டு அங்கீகாரம், அரசியல் பிரதிநிதித்துவம் ஆகிய மூன்றும் தேவை என்றார்.

மலையக வரலாற்றில் இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தே மறுக்கப்பட்டன. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இம்மக்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகுத்தது. 1940இல் கம்பளையில் மாநாடு கூட்டிய இலங்கை இந்தியர் காங்கிரஸ், 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 7 ஆசனங்களை வென்றது. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, மறு ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுடைய விருப்பத்தைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்ற நிலையைச் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவர 2003ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது.

எனினும் பிரசாவுரிமை கிடைத்ததால் மட்டும் சமத்துவம் வந்துவிடவில்லை. பிரதேச சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இலேயே திருத்தப்பட்டது. இன்றும் பலர் தோட்ட நிருவாகத்துக்குரிய லயன் அறைகளில், வீட்டுக்கும் காணிக்கும் உறுதிப்பத்திரம் இன்றி வாழ்கின்றனர். வேலையையும் குடியிருப்பையும் ஒரே நிருவாகம் தன் கையில் வைத்திருக்கும்வரை, வாக்குரிமை பெற்றவரும் அச்சமின்றிப் பேச முடியாது. ஆகவே, மலையகத் தமிழர் என்ற பெயரை ஏற்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது; காணியுரிமையும் நியாயமான ஊதியமும் உள்ளூராட்சியில் சம இடமும் சேர்ந்தே அந்த அங்கீகாரத்தை நீதியாக்கும்.