விளக்கு எரிந்தும் பேசாத சுவிட்ச்

"நெட் போச்சு" என்று அலுவலகத்தில் யாராவது குரல் கொடுத்ததும், மூலையில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சை அணைத்துப் போடுவதுதான் நம் வழக்கம். சில சமயம் சரியாகியும் விடும். ஆனால் என்ன கோளாறு என்பது தெரியாமலே போவதால், அது திரும்பவும் வரும். சுவிட்ச் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டவர் இப்படி அவசரப்பட மாட்டார்.

ஒரு கட்டடத்துக்குள் கணினி, பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் இணைப்பது சுவிட்ச். ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு மேக் முகவரி உண்டு. தகவல் சிறு சிறு ஃபிரேம்களாகப் பயணிக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் அனுப்பும் கருவி, பெறும் கருவி இரண்டின் முகவரிகளும் இருக்கும். ஒரு ஃபிரேம் உள்ளே வந்ததும், அதை அனுப்பிய கருவி எந்தப் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் எந்தத் துளையில், இருக்கிறது என்று சுவிட்ச் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பெறும் கருவியும் அட்டவணையில் இருந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பும். வழக்கமாக 300 நொடிகள் சத்தமே இல்லாத கருவியின் பதிவு தானாக நீங்கிவிடும். இப்படி வேலை செய்யும் முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, வினோத் பரத்வாஜ் கலிபோர்னியாவில் தொடங்கிய 'கல்பனா' நிறுவனம். 1994இல் அதை சிஸ்கோ வாங்கியது.

கோளாறைத் தேடும்போது கீழிருந்து மேலே போக வேண்டும். கீழ்ப்படி கேபிள். போர்ட்டின் விளக்கு எரியவில்லை என்றால், கேபிள், போர்ட், மறுமுனைக் கருவி ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். நன்றாக வேலை செய்யும் ஒரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். பிறகு வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. செம்புக் கேபிளின் நீள வரம்பு 100 மீட்டர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேபிளின் நுனியில் இருக்கும் ஆர்ஜே 45 முனையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கினுள் எட்டுக் கம்பிகளும் நுனிவரை போயிருக்க வேண்டும். 100 மெகாபிட் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் பல கருவிகளில் விளக்கு எரியும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

அடுத்த படி டூப்ளெக்ஸ்: தகவல் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் போகிறதா (ஃபுல்), மாறி மாறிப் போகிறதா (ஹாஃப்) என்ற அமைப்பு. ஒரு முனையில் 'ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று கையால் நிர்ணயித்துவிட்டு மறுமுனையைத் தானியங்கி முறையில் விட்டால், அந்த முனை 'ஹாஃப் டூப்ளெக்ஸ்' என்று எடுத்துக்கொள்ளும். பிங் என்னும் சிறு சோதனைச் செய்தி போகும், சிறிய மின்னஞ்சல் போகும். பெரிய கோப்பை அனுப்பினால் ஊர்ந்து போகும். சுவிட்சின் பிழைக் கணக்கில் சிதைந்து வந்த ஃபிரேம்களைக் காட்டும் சிஆர்சி பிழைகளும் தாமத மோதல்களும் ஏறிக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

விளக்கும் எரிகிறது, பிழையும் ஏறவில்லை, ஆனாலும் பேச்சு இல்லை என்றால் அமைப்புகளைப் பாருங்கள். ஒரே சுவிட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் விலான் அமைப்பில் போர்ட் தவறான விலானில் இருந்தால், பக்கத்து மேசைக் கணினிகூட எட்டாது. விண்டோஸ் கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சேவையகத்திடமிருந்து அதற்குப் பதில் வரவில்லை என்று பொருள்.

எல்லாவற்றிலும் கொடியது லூப். ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால் போதும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. எல்லோருக்குமான ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் சுற்றிச் சுற்றிப் பெருகும். எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறித்தனமாக மின்னும். மொத்த வலையும் முடங்கும். இதைத் தடுக்க 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் உருவாக்கியதே ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை. உபரிப் பாதைகளைக் கண்டுபிடித்து அடைத்துவைக்கும்; தேவைப்படும்போது திறக்கும்.

அதற்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை முடங்கியது. ஸ்பானிங் ட்ரீக்கு வகுக்கப்பட்ட ஏழு சுவிட்ச் ஆழத்தைத் தாண்டி அந்த வலை வளர்ந்திருந்தது. மருத்துவர்கள் நாள்கணக்கில் காகிதச் சீட்டுகளுக்குத் திரும்பினார்கள். வலையின் முழு வரைபடம் கையில் இல்லாமல் ஒட்டுப்போட்டு வளர்க்கும் எந்த நிறுவனத்துக்கும் இது நேரலாம்.

பல சுவிட்சுகளில் பிழைக் கணக்கும், மேக் அட்டவணையும், அண்மைய பதிவுகளும் மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். அணைத்துப் போடும் கை அவற்றையும் சேர்த்து அழிக்கிறது. எனவே முதலில் பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று ஒவ்வொரு முனையிலும் சீட்டு ஒட்டி, ஒரு வரைபடமும் போட்டு வையுங்கள். அந்த ஒரு நாள் உழைப்பு, அடுத்த கோளாறின்போது உங்கள் அலுவலகம் முழுவதன் நேரத்தையும் காப்பாற்றும்.