விஞ்ஞானம் வரமா, சாபமா? ஒரு டின் வனஸ்பதி சொல்லும் பாடம்



"விஞ்ஞான வளர்ச்சி மனித குலத்துக்கு வரமா, சாபமா?" என்ற தலைப்பில் நாம் எத்தனையோ பட்டிமன்றங்களைக் கேட்டிருக்கிறோம். ஒரு அணி தடுப்பூசியைக் காட்டும், மறு அணி அணுகுண்டைக் காட்டும். கடைசியில் நடுவர், "எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில்தான் இருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்வார். கைதட்டிவிட்டுக் கடைக்குத் திரும்புவோம்.

ஆனால், தன் கையில் இருப்பது வரமா சாபமா என்பதே பயன்படுத்துகிறவருக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது? இதற்கு உதாரணம் தேடி அணுகுண்டு வரை போக வேண்டியதில்லை. நம் கடை வழியாகவே போன வனஸ்பதி போதும்.

நெய்க்கு மாற்று வந்த கதை

எண்ணெயைக் கெட்டிப்படுத்தும் வழியைக் காட்டியது விஞ்ஞானம். நிக்கல் போன்ற உலோகத்தின் நுண்ணிய தூளை வைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயுவைப் பிற பொருள்களோடு சேர்க்கலாம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பால் சபாட்டியே கண்டறிந்தார். அதற்காக 1912-ல் நோபல் பரிசும் பெற்றார். அந்த வழியில் திரவ எண்ணெயையே கெட்டியாக்கலாம் என்று ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902-ல் காப்புரிமை கோரினார். அமெரிக்காவில் 1911-ல் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து செய்த கொழுப்பு விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1937-ல் டால்டா அறிமுகமானது. பிறகு வனஸ்பதிக்கே டால்டா என்று பெயராகிவிட்டது.

இது ஏமாற்று வேலை அல்ல. நெய் வாங்க முடியாத குடும்பத்திலும் பண்டிகைக்கு இனிப்பு செய்ய முடிந்தது. சீக்கிரம் சிக்கடிக்காது, பல மாதம் தாங்கும். மிட்டாய்க் கடைக்காரர், பேக்கரிக்காரர், ஓட்டல்காரர் எல்லாருக்கும் கட்டுபடியான சரக்கு. இதை வரம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அரசும் ஒரு கண் வைத்திருந்தது. நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்றால் கண்டுபிடிக்க வேண்டுமே! அதற்காக வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. குறிப்பிட்ட ரசாயனத்தை விட்டுக் குலுக்கினால் நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் காலத்தில் எல்லாருடைய கவலையும் கலப்படத்தின் மேல்தான். கலப்படமே இல்லாத, முத்திரை உடையாத டின்னே கேடு செய்யலாம் என்று நாம் யாரும் நினைக்கவில்லை.

உள்ளே நடந்தது என்ன?

வளைந்த விறகை அடுக்கினால் இடையில் சந்து விழும். நேரான விறகு நெருக்கமாக அடுங்கும். எண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகள் பல இடங்களில் வளைந்தவை. அதனால்தான் எண்ணெய் ஓடுகிறது. ஹைட்ரஜனைச் சேர்த்தால் சங்கிலிகள் நிமிர்ந்து, எண்ணெய் கெட்டியாகிறது. ஆனால் முழுவதும் சேர்த்தால் மெழுகு போல் இறுகிவிடும் என்பதால் பாதியில் நிறுத்தினார்கள். அப்போது சில சங்கிலிகள் ஹைட்ரஜன் சேராமலே முறுக்கிக்கொண்டு நேராகிவிட்டன. இவற்றைத்தான் டிரான்ஸ் கொழுப்பு என்கிறார்கள். பாலிலும் நெய்யிலும் இது இயற்கையாகக் கொஞ்சம் உண்டு. பழைய முறை வனஸ்பதியில் இருந்ததோ பல மடங்கு.

அமெரிக்கப் பேராசிரியர் ஃபிரெட் கம்மரோ, இதய நோயில் இறந்தவர்களின் ரத்தக் குழாய்களில் இந்தக் கொழுப்பு இருப்பதைக் கண்டு 1957-லேயே எழுதினார். அன்று கேட்டவர்கள் குறைவு. 1990-ல் ஹாலந்து ஆய்வாளர்கள், இது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். 2003-ல் டென்மார்க் முதலில் வரம்பு விதித்தது. கம்மரோ விடவில்லை. 2013-ல், தமது 98-வது வயதில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மீதே வழக்குப் போட்டார். 2015-ல் அந்த நிர்வாகம், பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைப் பாதுகாப்பானதாகக் கருத முடியாது என்று முடிவு செய்தது. 2017-ல் அவர் காலமானபோது வயது 102.

டிரான்ஸ் கொழுப்பால் ஆண்டுதோறும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதய நோயில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் மதிப்பிட்டது. நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் 3 சதவீதம், 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று வரம்பு வந்தது.

நம் பங்கு

நாம் இளவயதில் கடையில் உட்கார்ந்த காலத்தில், தீபாவளிக்கு முன்பு 15 கிலோ டின்கள் உத்தரம் வரை அடுக்கியிருக்கும். "இது உடம்புக்கு எப்படி?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம், "சுத்தமான தாவர எண்ணெய், நெய்யைவிட நல்லது, தைரியமாக வாங்குங்கள்" என்று சொன்னோம். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லவில்லை. ஆனால் தெரியாத ஒன்றுக்கு உத்தரவாதம் கொடுத்தோம். பிற்பாடு பத்திரிகைகளில் இதைப் பற்றிச் செய்தி வந்தபோது, "இந்த சீசன் சரக்கு தீரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றோம். அந்த சீசனுக்குப் பின் இன்னும் பல சீசன்கள் வந்து போயின. அந்த வியாபாரம் எந்தப் பேரேட்டிலும் நஷ்டமாகப் பதிவாகவில்லை. நஷ்டம் வாங்கியவர் வீட்டில் போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் விஞ்ஞானமே வேண்டாமா? அதுவும் தவறு. அரிசியைக் கடித்துப் பார்த்தும், மிளகாயை முகர்ந்து பார்த்தும், பருப்பை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தும் தரம் சொல்கிறவர்கள் நாம். டிரான்ஸ் கொழுப்பு நம் கைக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் சிக்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்குத்தான் சிக்கியது. தவறு நுழைந்ததும் விஞ்ஞானத்தின் வழியாக, தவறு தெரிந்ததும் விஞ்ஞானத்தின் வழியாக. 1957-ல் எழுந்த கேள்விக்கு நம் நாட்டில் 2 சதவீத வரம்பு வர 65 வருடம் ஆனது. சாபம் என்பது அந்த 65 வருடத் தாமதம்தான். அதில் ஆலைக்கும் அரசுக்கும் பங்கு உண்டு. நமக்கும் உண்டு.

இனி வரப்போவது

2020-ல் சிங்கப்பூர், உயிரணுவிலிருந்து வளர்த்த கோழி இறைச்சியை விற்க அனுமதித்தது. 2025-ல் மரபணு திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை நம் ஒன்றிய அரசு அறிவித்தது. நாளை இதுபோன்ற சரக்குகள் நம் கடைக்கும் வரலாம். அவை நல்லவையா, கெட்டவையா என்று தீர்ப்புச் சொல்ல நாம் விஞ்ஞானிகள் அல்ல. ஆனால் வணிகர் செய்யக்கூடியது சில உண்டு.

முதலாவது, தெரியாததற்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டாம். "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பதால் எந்த வாடிக்கையாளரும் போய்விட மாட்டார்.

இரண்டாவது, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்போம். டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். டிரான்ஸ் குறைந்துவிட்டது என்பதற்காக இன்றைய வனஸ்பதியை நெய்யாகவோ மருந்தாகவோ நினைக்க வேண்டாம். உறையும் கொழுப்பு அதில் இன்னும் உண்டு, அளவோடுதான் விற்கவும் தின்னவும் வேண்டும்.

மூன்றாவது, பில்லையும் பேட்ச் எண்ணையும் பத்திரப்படுத்துவோம். குறை என்று தெரிந்தால் எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று உடனே சொல்ல முடிய வேண்டும்.

நான்காவதுதான் கடினமானது. எச்சரிக்கை வந்த பிறகு "இந்த சீசன் தீரட்டும்" என்று சொல்லாதிருப்போம். முதல் முடங்கும், கை கடிக்கும், உண்மைதான். அதைச் சங்கத்தில் கூடிப் பேசி, ஆலைகளிடம் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்போம். தனி வியாபாரியால் முடியாதது சங்கத்தால் முடியும்.

மனித குலத்தின் எதிர்காலம் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் தீர்மானமாகிறது என்கிறார்கள். அங்கிருந்து கிளம்பியது வீட்டு அடுப்புக்குப் போகும் முன் நம் தராசில் ஒரு முறை இறங்கி ஏறுகிறது. அந்த ஒரு முறை நாம் விழித்திருப்போம்.