பிழை திருத்தப் பழக்கும் விளையாட்டு
சிறாருக்குக் கணினி நிரலாக்கம் கற்பிப்பதென்றால் ஆங்கிலக் கட்டளைகளை மனனஞ் செய்விப்பதே எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். ஆயின், இக்கல்வி விளையாட்டோடு இணைந்தே வளர்ந்து வந்துள்ளது. 1967இல் அமெரிக்காவில் சீமோர் பப்பேட் உள்ளிட்டோர் உருவாக்கிய 'லோகோ' மொழி, ஆமை வடிவொன்றை நகர்த்திக் கோடு வரையப் பிள்ளைகளுக்கு வழி திறந்தது. 2014இல் வெளியான 'ஸ்கிராட்ச் ஜூனியர்', 5 முதல் 7 வயதினருக்கெனப் படக்கட்டைகளால் அமைந்தது.

'லைட்பொட்' என்னும் புதிர் விளையாட்டில், 'முன்செல்', 'திரும்பு' முதலிய குறிகளை நிரைப்படுத்தி, ரோபோ ஒன்றைக் குறித்த கட்டங்களில் விளக்கேற்றச் செய்தல் வேண்டும். குறிகளுக்கான இடம் குறைவாதலால், திரும்பத் திரும்ப வரும் செயல்களைத் தனியே தொகுத்துப் பயன்படுத்தும் நிரலாக்க நுட்பத்தைப் பிள்ளை தானே கண்டுகொள்கின்றது.

வழி தவறினால் தண்டனையில்லை. எந்தப் படியில் தவறியதெனத் தேடித் திருத்துவதே ஆட்டம். சிவப்பு மைக் கோட்டுக்கு அஞ்சியே பழகிய நம் சிறாருக்கு இப்பயிற்சி மிகவும் அவசியமானது. கணினியில்லாப் பாடசாலையிலும் இது இயலும். தரையில் வெண்கட்டியால் கட்டங்கள் வரைந்து, ஒரு பிள்ளை எழுதும் கட்டளைப்படி மற்றொரு பிள்ளை நடந்தாற் போதும். விடையை முந்திக் கூறாத பொறுமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வேண்டும். அதுவே இக்கல்வியின் முதல் நிபந்தனையாகும்.